இடிபட்ட அடுக்களையும் ஆறு எதிர்மனுதாரர்களும்

உனக்கு ஒரு ரிஜிஸ்டர் தபால் வந்திருக்கிறது. நீ போய் ஏழு மாதம் ஆகிறது என்பது தபால்காரருக்கு நன்றாகவே தெரியும். உன் அடக்கத்துக்கு வந்து கடைசிவரை நின்றவர் அவர். ஆனாலும் உன் வீடு பூட்டிக் கிடக்கிறது, சாவி என்னிடம் இருக்கிறது, அதனால் என்னிடமே கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்துவிட்டுப் போனார். "திருப்பி அனுப்பினா மதுரையில போய்க் கெடக்கும் மேடம், நீங்களே பாத்துக்கிடுங்க" என்றார். மூன்று வாரமாக அந்தப் பழுப்பு உறை என் மேசைமேல் இருக்கிறது. எடுத்து உள்ளே வைக்கவும் மனம் வரவில்லை, பார்த்தால் கோபம் தாங்கவில்லை.

உன் வக்கீலின் குமாஸ்தா அனுப்பியது அது. நீதிமன்ற அவமதிப்பு வழக்கில் அரசுத் தரப்பு கடைசியில் ஒரு அறிக்கை தாக்கல் செய்திருக்கிறது. பதினோரு பக்கம். முதல் பக்கத்திலேயே, மாண்பமை நீதிமன்றத்தின் உத்தரவு உரிய மரியாதையுடன் நிறைவேற்றப்பட்டது, பாசனச் சானலில் கண்டறியப்பட்ட ஆக்கிரமிப்பு அகற்றப்பட்டது, எனவே வழக்கை முடித்துவைக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. ஒரு நிமிடம் நானும் நம்பிவிட்டேன். கல்யாண மண்டபத்துக்காரர் சானல்மேல் போட்ட சிலாபை எடுத்துவிட்டார்களோ, நான்தான் அந்தப் பக்கம் போகாமல் தெரியாமல் இருந்துவிட்டேனோ என்று நினைத்தேன். பிறகு கடைசிப் பக்கத்தில் இருந்த கலர் போட்டோவைப் பார்த்தேன். இடிந்த சுவர், அதன் குறுக்கே டேப் பிடித்தபடி இரண்டு ஊழியர்கள். சுவரின் மிச்சத்தில் ஆகாய நீல நிறத்தில் நாலு டைல்ஸ் ஒட்டிக்கொண்டிருந்தன. அந்த டைல்சை வாங்க மார்த்தாண்டத்தில் நான்கு கடை ஏறி இறங்கியது நாம் இரண்டு பேரும்தான். அது உன் புற அடுக்களை. நீ வழக்குப் போடுவதற்கு முன்பு நீயே கொத்தனாரை வைத்து இடித்த சுவர். அதைத் தாங்கள் இடித்ததாக ஹைக்கோர்ட்டில் கணக்குக் காட்டியிருக்கிறார்கள்.

கொஞ்சமாவது கூச்சம் வேண்டாமா? வாசலில் நின்று சத்தமாகவே கேட்டேன். தெருவில் யாரும் இல்லை.

நீ குவைத்தில் நர்ஸ் வேலையை முடித்துவிட்டு ஊரோடு வந்து சேர்ந்த வருடம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பத்மநாபபுரத்துக்கு மேற்கே, பேச்சிப்பாறைத் தண்ணீர் வரும் கிளைச் சானலின் கரையில் வீடு கட்டினாய். சானலுக்கு அக்கரையில் அதற்கு முன்பே கல்யாண மண்டபம் வந்துவிட்டது. கார் நிறுத்த இடம் போதவில்லை என்று மண்டபத்துக்காரர் சானலுக்குள் மண்ணை நிரப்பி, மேலே சிலாப் போட்டு, ஓரமாக ஒரு சுவரும் அப்போதே எழுப்பியிருந்தார். பன்னிரண்டு அடி சானல் உன் வீட்டருகே இரண்டடி ஓடையாகிவிட்டது. ஐப்பசி மழையில் தண்ணீர் போக வழியில்லாமல் திரும்பி உன் வீடு உட்பட ஏழு வீடுகளுக்குள் ஏறியது. முதல் வருடம் உன் மெத்தை நனைந்தது. இரண்டாம் வருடம் மேற்கு வீட்டு ரோஸ்லியின் மாமியாரைக் கட்டிலோடு தூக்கிப் பள்ளிக்கூடத்தில் வைத்தோம்.

நீ மனு எழுதினாய். திங்கள்கிழமை தோறும் கலெக்டர் ஆபீசில் குறைதீர்க்கும் நாளுக்குப் போய் டோக்கன் வாங்கி உட்கார்ந்தாய். வருவாய்த் துறை, சானல் பொதுப்பணித் துறையுடையது என்றது. பொதுப்பணித் துறை, அளந்து காட்டினால்தானே எடுக்க முடியும், அளப்பது வருவாய்த் துறை என்றது. பேரூராட்சி, மண்டபத்துக்கு வரி கட்டியிருக்கிறார்கள், ரசீது இருக்கிறது என்றது. ஒவ்வொரு மனுவுக்கும் ஒரு குறுஞ்செய்தி வந்தது: தங்கள் மனு உரிய நடவடிக்கைக்கு அனுப்பப்பட்டுள்ளது. நீ அதை என்னிடம் காட்டி, "அனுப்பியாச்சு அனுப்பியாச்சுன்னு வருது ஏட்டி, எங்க போய்ச் சேந்துதுன்னு ஒருத்தனும் சொல்ல மாட்டேங்கான். குவைத்துக்கு அனுப்பின கடிதாசி பத்து நாளுல வந்து சேரும் கேட்டியா" என்றாய்.

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்த பிறகு கஷ்டமாக இருந்தது. ஏனென்றால் நான் அந்த அலுவலகங்களில் ஒன்றில்தான் சர்வேயராக இருந்தேன், வேறு தாலுகாவில். 'நடவடிக்கையில் உள்ளது' என்ற வரியை நானே எத்தனையோ கோப்புகளில் எழுதியிருக்கிறேன். அந்த வரிக்கு அர்த்தம், கோப்பு இந்த மேசையிலிருந்து அந்த மேசைக்கு நகர்ந்தது என்பதுதான். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த உன்னிடம் இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஹைக்கோர்ட்டின் மதுரைக் கிளைக்குப் போவது என்று நீ முடிவெடுத்தபோது வக்கீல் உன்னிடம் கேட்ட முதல் கேள்வியே இதுதான். "அம்மா, உங்க பக்கம் ஏதாவது சானல்ல நிக்குதா? நின்னா எதிர்த்தரப்பு அதைத்தான் முதல்ல காட்டும். அளந்து பாத்துட்டு வாங்க." நீ நேராக என்னிடம் வந்தாய்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நீ ஆராதனை முடிந்து வந்ததும் நான் டேப்பை எடுத்துக்கொண்டு உன் வீட்டுக்கு வந்தேன். அனுமதி இல்லாமல் தனியாருக்கு அளந்து கொடுப்பது குற்றம். மேலும் மண்டபத்துக்காரருடைய ஆட்கள் அன்றைக்கு ஒரு கல்யாணத்துக்காகப் பந்தல் கட்டிக்கொண்டிருந்தார்கள். யாராவது பார்த்து என் தாசில்தாரிடம் சொல்லிவிடுவார்களோ என்று எனக்கு உள்ளூர நடுக்கம். உன் வேலி ஓரத்தில் இருந்த எல்லைக் கல்லில் டேப்பைப் பிடித்தேன். பத்து நிமிடத்தில் முடித்துவிட்டேன். மண்டபத்தின் பக்கம் ஆறடி, உன் அடுக்களைப் பக்கம் நாலடி ஆக்கிரமிப்பு என்று சொன்னேன்.

நீ அடுக்களையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாய். விறகு அடுப்பு, மீன் கழுவக் கல்தொட்டி, அந்த நீல டைல்ஸ். குவைத்தில் பதினெட்டு வருடம் எலக்ட்ரிக் அடுப்பில் சமைத்தவள், ஊரில் ஒரு விறகடுப்பு வேண்டும் என்று ஆசைப்பட்டுக் கட்டியது. நான், "நாலடிதானே, விடு, யாரும் கேக்க மாட்டாங்க" என்றேன்.

"கேக்கணும் ஏட்டி. அவனுக்க ஆறடிய எடுன்னு கோர்ட்டுல சொல்லிட்டு எனக்க நாலடிய நான் வச்சுக்கிட்டா, பொறவு எனக்கும் அவனுக்கும் என்ன வித்தியாசம்? சட்டம்னா எனக்கும் சேத்துதான்."

மறுநாளே கொத்தனார் வந்தார். எனக்கு உன்மேல் எரிச்சலாக இருந்தது என்பதை இப்போது சொல்லிவிடுகிறேன். இத்தனை நேர்மையாக இருந்தால் இந்த நாட்டில் பிழைக்க முடியாது என்று நினைத்தேன். நினைத்ததோடு உன்னிடம் சொல்லவும் செய்தேன். "ஒனக்க ஆபீசுல அப்படித்தான் சொல்லித் தாறாங்களா?" என்று கேட்டுவிட்டுச் சுவரிலிருந்து உதிர்ந்த டைல்ஸைப் பொறுக்க ஆரம்பித்தாய்.

உத்தரவு வந்தது. ஆறு எதிர்மனுதாரர்கள்: கலெக்டர் முதல் பேரூராட்சிச் செயல் அலுவலர்வரை ஐந்து பேர் அரசாங்கம், ஆறாவது மண்டபத்துக்காரர். சானலை அளந்து எல்லா ஆக்கிரமிப்புகளையும் பன்னிரண்டு வாரத்துக்குள் அகற்ற வேண்டும் என்று நீதிபதி தெளிவாகச் சொல்லியிருந்தார். நீ ஏழு வீட்டுக்கும் சாயாவும் பழம்பொரியும் கொடுத்தாய். சான்றிட்ட நகலை வாங்கிய கையோடு தக்கலையில் ஒரு கடையில் லேமினேட் செய்துவிட்டாய். வளைகுடாவில் இருந்து வந்தவர்களுக்கு எல்லாக் காகிதத்தையும் பிளாஸ்டிக்கில் போட்டால்தான் தூக்கம் வரும். வக்கீல் போனில் தலையில் அடித்துக்கொண்டார். அதில் இனி முத்திரை குத்த முடியாது, கோர்ட்டில் தாக்கல் செய்ய முடியாது, மறுபடி நகல் மனு போட வேண்டும் என்றார். நீ அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் அந்தப் பளபளப்பான உத்தரவைக் கைப்பையில் வைத்துக்கொண்டு ஆபீஸ் ஆபீசாக நடந்தாய். மழையில் நனைந்தாலும் கெடாது என்று பெருமை வேறு.

பன்னிரண்டு வாரம் போயிற்று. ஒரு மண்வெட்டிகூட வரவில்லை. பிறகு அவமதிப்பு வழக்கு. அங்கேதான் நான் பொறுமையை முழுவதுமாக இழந்தேன். ஒவ்வொரு அதிகாரியும் மாற்றலாகிப் போனார், புதியவர் வந்தார். புதியவர் நீதிமன்றத்தில், நான் இப்போதுதான் பொறுப்பேற்றேன், அவகாசம் வேண்டும் என்றார். அவகாசம் முடியும்போது அவரும் மாறிப்போனார். ஒருமுறை தேர்தல் பணி, ஒருமுறை வெள்ள நிவாரணப் பணி, ஒருமுறை போலீஸ் பாதுகாப்பு கிடைக்கவில்லை. இதில் வெள்ள நிவாரணப் பணி என்று சொன்னதைத்தான் என்னால் மன்னிக்கவே முடியவில்லை. அந்த வெள்ளம் உன் வீட்டுக்குள் நின்றது.

வீடியோவில் விசாரணை நடந்த அந்தக் காலை உனக்கு நினைவிருக்கும். உன் சாப்பாட்டு மேசையில் போனைச் சாய்த்துவைத்து நீ, நான், ரோஸ்லி மூன்று பேரும் பதினொரு மணியிலிருந்து காத்திருந்தோம். நீ நல்ல புடவை கட்டியிருந்தாய், யாருக்கும் நீ தெரியப்போவதில்லை என்றாலும். மூன்றரை மணிக்கு வழக்கு எண் கூப்பிட்டார்கள். அரசு வக்கீல் ஏதோ சொன்னார். நீதிபதி, "கடைசி வாய்ப்பு, நான்கு வாரம்" என்றார். அடுத்த வழக்கைக் கூப்பிட்டுவிட்டார்கள். ஒரு நிமிடம்கூட இருக்காது.

"முடிஞ்சிதா?" என்று ரோஸ்லி கேட்டாள்.

"கடைசின்னு சொல்லிட்டாருல்லா" என்று நீ சொன்னாய். அது மூன்றாவது கடைசி வாய்ப்பு. நான்காவதும் வந்தது. அந்த நீதிபதிகளை நான் குறை சொல்வதில்லை. ஒரு நாளைக்கு எத்தனை வழக்கு அவர்கள் முன்னால் வருகிறது என்று எனக்குத் தெரியும். அரசியல் சட்டம் அவர்களிடம் பேனாவைக் கொடுத்திருக்கிறது, ஜேசிபி என்னவோ கலெக்டர் ஆபீசில்தான் நிற்கிறது. பேனா எழுதியதை மதித்து ஜேசிபி கிளம்பும் என்ற நம்பிக்கையில்தான் மொத்த நாடும் ஓடுகிறது. கிளம்பாவிட்டால் என்ன செய்வது என்று கேட்டால், மறுபடியும் பேனாவிடம் போக வேண்டும் என்பதுதான் பதில்.

அப்போதுதான் வக்கீல், அளந்தவர் ஒரு அபிடவிட் கொடுத்தால் உதவியாக இருக்கும் என்று உன்னிடம் சொல்லியிருக்கிறார். நீ தயங்கித் தயங்கி என்னிடம் கேட்டாய். நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "என்னால முடியாது ஏட்டி. நான் சர்க்கார் ஆளு. சஸ்பெண்ட் பண்ணிருவாங்க" என்றேன்.

"நீ சர்க்கார் ஆளு. அப்போ கோர்ட்டு யாருக்க ஆளு?" என்றாய். கோபமாகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவள்போலக் கேட்டாய். அதற்குப் பிறகு நீ அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. நான் ஓய்வு பெற்ற பிறகும் எடுக்கவில்லை. சர்க்கரையும் சிறுநீரகமும் உன்னைக் கொண்டுபோனபோதும் வழக்கு கடைசி வாய்ப்பில்தான் இருந்தது.

இப்போது இந்தப் போட்டோ. வக்கீலுக்குப் போன் செய்தேன். நீ இறந்த செய்தியே அவருக்கு அப்போதுதான் தெரியும். வருத்தப்பட்டார். பிறகு, "யாரும் ஆட்சேபிக்கலைன்னா இந்த அறிக்கையை ஏத்துக்கிட்டு வழக்கை முடிச்சிருவாங்கம்மா. வெள்ளம் ஏறுற வீட்டுக்காரங்க யாராவது வழக்குக்குள்ள வரணும்" என்றார். ரோஸ்லியிடம் சொன்னேன். "அவ எனக்க மாமியாரத் தூக்குனவ. நான் கையெழுத்துப் போடாம பின்ன யாரு போடுவா?" என்றாள். அறிக்கையோடு இணைத்த வரைபடத்தையும் பார்த்தேன். மண்டபம் தொடர்பான அளவை தனியே பரிசீலனையில் உள்ளது என்று ஒரு ஓரத்தில் பொடி எழுத்தில் போட்டிருந்தார்கள். அவர்களைப் பொய்யர்கள் என்று காட்ட வேண்டுமென்றால் சரியாக அளக்க வேண்டும். இப்போது எனக்கு மேலே தாசில்தாரும் இல்லை, பயமும் இல்லை. நில அளவைப் புலப்படத்தின் நகல் வாங்கிக்கொண்டு போன புதன்கிழமை வெட்ட வெளிச்சத்தில் உன் வீட்டுக்குப் போனேன். ரோஸ்லி டேப்பின் மறுமுனையைப் பிடித்தாள்.

சர்வேயருக்கு ஒரு விதி உண்டு. ஒற்றைக் கல்லை நம்பக் கூடாது. பக்கத்துக் கல்லிலிருந்து அளந்தால் தூரத்தில் இருக்கும் இன்னும் இரண்டு கல்லிலிருந்தும் அளந்து சரிபார்க்க வேண்டும். வேலையில் சேர்ந்த முதல் வாரத்தில் படித்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை நான் அதைச் செய்யவில்லை. தூரத்துக் கல் பாலத்தின் அருகில் இருந்தது, அங்கே போய் நின்றால் பந்தல்காரர்கள் பார்ப்பார்கள்.

இந்த முறை பாலத்தடிக் கல்லிலிருந்து அளந்தேன். பிறகு கோயில் பக்கத்துக் கல்லிலிருந்தும் அளந்தேன். இரண்டும் ஒரே கணக்கைச் சொல்லின. உன் வேலி ஓரக் கல் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. ஐந்தடி உன் பக்கமாக நகர்ந்து இருக்கிறது. மண்டபத்துச் சுவர் கட்டும்போது யாரோ பிடுங்கி, உன் மனையை நோக்கித் தள்ளி நட்டிருக்கிறார்கள். அப்போது நீ குவைத்தில் இருந்தாய். சானல் ஏறக்குறைய முழுவதும் மண்டபத்து சிலாபுக்கு அடியில் கிடக்கிறது. அவர்கள் பக்கம் பதினோரடி. உன் பக்கம் ஒன்றும் இல்லை.

ரோஸ்லி, "என்னக்கா, முகம் ஒரு மாதிரி ஆயிருச்சு?" என்று கேட்டாள். வெயில் என்று சொன்னேன். உன் பூட்டிய வீட்டின் பின்படியில் போய் உட்கார்ந்தேன். எவ்வளவு நேரம் இருந்தேன் என்று தெரியவில்லை. கல்லை நகர்த்தியவன்மேல் வந்த கோபமும், அறிக்கை எழுதியவன்மேல் வந்த கோபமும் ஒன்றுமே இல்லை என்று ஆகிவிட்டது. நீ என்னை நம்பிச் சுவரை இடித்தாய். உனக்கு நாலடிக் குற்றம் இருப்பதாக நம்பியே செத்துப்போனாய். சபையில் யாராவது வழக்கைப் பற்றிக் கேட்டால், "தப்பு எனக்க மேலயும் உண்டு, நான் திருத்திட்டேன்" என்று நீ சொல்வதை நானே பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன்.

வக்கீலிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அப்ப அவங்க அகற்றினதாச் சொல்றது ஆக்கிரமிப்பே இல்ல. அவங்க ஒண்ணுமே செய்யலைன்னு ஆகுது. கேஸ் நமக்கு நல்லா நிக்கும்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஆனா அது ஆக்கிரமிப்பு இல்லைன்னா மனுதாரர் ஏன் தானே இடிச்சாங்கன்னு கேப்பாங்க. அதுக்கு நீங்கதான் பதில் சொல்லணும். சர்வீஸ்ல இருக்கும்போது அனுமதியில்லாம அளந்தேன், அதுவும் தப்பா அளந்தேன்னு எழுதிக் குடுக்கணும். பென்ஷன்ல கை வச்சாலும் வைப்பாங்கம்மா. யோசிச்சுச் சொல்லுங்க" என்றார்.

இரண்டு நாள் யோசித்தேன் என்பதை உன்னிடம் மறைக்கப் போவதில்லை. முப்பத்திரண்டு வருடப் பழக்கம், கையெழுத்து என்றால் கை தானாகப் பின்னுக்குப் போகிறது. ஒன்று மட்டும் நிச்சயம். என் பென்ஷனை நிறுத்துவது என்று முடிவானால் அதற்குப் பன்னிரண்டு வாரம் ஆகாது. ஐந்து துறையும் ஒன்று சேர்ந்து ஒரே மேசையில் வேலை செய்து முடித்துவிடும்.

இன்று காலை நாகர்கோவிலுக்குப் போய் நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட்டேன். தட்டச்சு செய்த பெண், "இந்தப் பத்திய எடுத்துரலாமா மேடம், ஒங்களுக்கே பாதகமா இருக்கு" என்று கேட்டாள். நல்ல பெண். வேண்டாம் என்றேன். வழக்கு எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியாது. ஒருவேளை நீதிபதி திரும்ப அளக்கச் சொல்வார், ஒருவேளை இன்னொரு புது அதிகாரி அவகாசம் கேட்பார். ஐப்பசி வந்துகொண்டிருக்கிறது, ரோஸ்லி இப்போதே அரிசி மூட்டையைப் பரணில் ஏற்றிவிட்டாள். எது நடந்தாலும் அந்தப் பத்தி மட்டும் நீதிமன்றக் கோப்பில் இருக்கும். உன்னிடம் நேரில் சொல்ல வேண்டியது, உனக்குச் சொல்ல முடியாமல் போனது. கோர்ட்டுத் தமிழில் இருந்தாலும் ஒருமுறை கேட்டுக்கொள் ஏட்டி.

'மேற்படி சமையலறை முழுவதும் மனுதாரரின் சொந்தப் பட்டா நிலத்தில்தான் இருந்தது. அவர் எந்த ஆக்கிரமிப்பும் செய்யவில்லை. நான் பயந்துகொண்டு அவசரமாக அளந்ததால் தவறாகச் சொன்னேன். என் சொல்லை நம்பி அவர் அதை இடித்தார்.'